மக்கள் என்ற எழுவாய்

தமிழில் அச்சாகும் எந்த அரசியல் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். அதன் வாக்கியங்களுக்கு எழுவாய் ஒன்றுதான். மக்கள் விரும்புகிறார்கள், மக்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள், மக்கள் மன்னிக்க மாட்டார்கள். பயனிலை மட்டும் கட்சிக்குக் கட்சி மாறும். இந்த எழுவாயின் சௌகரியம், அது ஒருபோதும் எழுந்து நின்று மறுத்துப் பேசாது என்பது. எழுதுகிறவன் தனது அபிப்ராயத்தை அதன் வாயில் ஊட்டிவிட்டு, பிறகு அதே வாயிலிருந்து அதைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போகிறான்.

இது வெறும் மொழிப் பழக்கம், மேடைப் பேச்சின் அலங்காரம் என்று ஒதுக்கிவிடலாம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியல்ல. இந்த ஒரு இலக்கணப் பிழைக்காக மனிதர்கள் சுடப்பட்டிருக்கிறார்கள். எங்கள் ஜில்லா அதற்கு ஒரு சாட்சி.

1954 தொடக்கத்தில் திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில் தேர்தல் நடந்தது. 117 இடங்கள். காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்டுகளுக்கு 23, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 19, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12. மிச்சம் சில்லறை. இந்தக் கணக்கில் மந்திரிசபை அமைத்தவர் 19 பேரை வைத்திருந்த பட்டம் தாணுபிள்ளை, காங்கிரஸின் வெளி ஆதரவோடு. சட்டப்படி இதில் குற்றம் ஒன்றுமில்லை. சபையில் விழாமல் நிற்கிறவன் ஆளலாம், அவ்வளவுதான் விதி. ஆனால் பட்டம் எப்படிப்பட்டவர்? சுதேச அரசனையும் திவானையும் எதிர்த்துச் சிறைசென்றவர். ‘மக்கள்’ என்ற சொல்லை உச்சரிக்க அவரைவிட உரிமை பெற்றவர் அந்த ராஜ்யத்தில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. இந்தப் பழைய உரிமையில்தான் விஷம் இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் மக்களுக்காகப் பேசியவன், எல்லாக் காலத்திலும் மக்கள் தன் குரலில்தான் பேசுகிறார்கள் என்று நம்பத் தொடங்குகிறான்.

தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. இங்கே தமிழ்ப் பிரதேசத்தைச் சென்னை ராஜ்யத்தோடு இணைக்கவேண்டும் என்று நேசமணியின் தலைமையில் கட்சி நடத்தியவர்கள், சில மாதங்களுக்கு முன்புதான் அந்தக் கோரிக்கையை முன்வைத்தே 12 இடங்களை வென்றிருந்தார்கள். ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மந்திரவாதம் தேவைப்படவில்லை. வாக்குச்சீட்டுகள் எண்ணி முடித்து மூட்டை கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் அரசு இதை ஒரு ஜனத்தின் விருப்பமாகப் பார்க்கவில்லை. சிலர் கிளப்பிவிட்ட கலவரமாகப் பார்த்தது. அதாவது ஜனங்கள் உள்ளூர நம்மோடு இருக்கிறார்கள், தூண்டுகிறவர்களை அகற்றினால் போதும் என்பது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்களின் எண்ணிக்கையில் சர்க்கார் கணக்கும் இயக்கத்தின் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சுட்ட சர்க்கார் சோஷலிஸ்ட் சர்க்கார். சோஷலிஸ்ட் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளராக இருந்த லோகியா, சொந்த மந்திரிசபையை ராஜினாமா செய்யச் சொன்னார். கட்சி ஒப்பவில்லை. வாதாடி, கசந்து, லோகியாதான் பிறகு வெளியேற வேண்டிவந்தது. மந்திரிசபை 1955 பிப்ரவரியில் வேறு காரணங்களால் விழுந்தது.

லோகியாவின் பல கருத்துகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் இந்த இடத்தில் அவர் கண்டது எளிமையானது: ஒரு ஜனநாயக அரசு தன் ஜனங்களைச் சுட நேர்ந்தால், அந்தக் கணத்தில் அதன் ஆளும் உரிமை விசாரணைக்கு வந்துவிடுகிறது. எத்தனை இடங்கள் கையில் இருக்கின்றன என்பதல்ல கேள்வி. சுடப்பட்டவனை ‘மக்கள்’ என்ற சொல்லுக்கு வெளியே தள்ளியது யார், எப்போது என்பது.

இதுவரை எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். பட்டத்தைத் திட்டுவது இங்கே ஆபத்தில்லாத காரியம். ஆண்டுதோறும் நவம்பர் முதல் தேதியில் மாலையோடு வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இனிச் சொல்லப்போவது அவர்களுக்கு உவக்காது.

1956 நவம்பர் 1-ல் இணைப்பு வந்தது. எதன் பேரில் வந்தது? பொதுஜன வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. மாநில மறுசீரமைப்பு கமிஷன் மொழிவாரி மக்கள்தொகைக் கணக்கையும் தேர்தல் முடிவுகளையும் இன்ன பிறவற்றையும் பார்த்துத் தெற்குத் தாலூகாக்களைத் தமிழ்ப் பகுதி என்று சிபாரிசு செய்தது. நியாயமான சிபாரிசுதான். ஆனால் அதே கமிஷன் தேவிகுளத்துக்கு வந்தபோது, அங்கே தமிழர்கள் பெரும்பான்மை என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே, அவர்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்தவர்கள், நிலையாகக் குடியிருப்பவர்களாகக் கொள்ள முடியாது என்ற தோரணையில் தள்ளிவிட்டது. கொழுந்து பறிக்கிறவளின் தலை எண்ணப்பட்டது. ஆனால் கணக்கில் சேரவில்லை. பெரும்பான்மை என்பது எண்ணிக்கை மட்டுமல்ல, யாரை எண்ணுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. தேவிகுளம் பீர்மேடு போனதற்காக இங்கே கண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர், விளவங்கோட்டின் மேற்கோரத்தில் வீட்டுக்குள் மலையாளம் பேசிக்கொண்டிருந்த குடும்பங்கள் அந்த நவம்பர் காலையில் என்ன நினைத்து விழித்தெழுந்திருக்கும் என்று ஒருமுறையாவது யோசித்திருப்பார்கள்? ‘நாங்கள் எல்லோரும் விரும்பினோம்’ என்கிறார்கள். அந்த ‘எல்லோரும்’ எவ்வளவு அகலம்? கல்குளமும் விளவங்கோடும் எரிந்த அளவுக்குத் தோவாளையின் வயல்வரப்புகள் எரியவில்லை என்பது ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். ஜாதியின் கணக்குகள் இயக்கத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தன. இயக்கம் ஒரு கட்டத்தில் பிளந்துகூடப் போயிற்று. இணைப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. சரியான காரியத்துக்குக்கூடப் பொய்யான ஏகமனதைச் சான்றாகக் காட்டவேண்டிய அவசியம் நமக்கு ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி.

இந்த நோய் கட்சிகளோடு பிறந்ததல்ல. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு ஒரு பெருமை உண்டு: எங்கள் நாட்டார் கூட்டங்கள். பிடாகைகளின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, அநியாய வரி கட்டமாட்டோம் என்று அரசனுக்கே சொன்ன கூட்டங்கள் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நடந்திருக்கின்றன. சரித்திரக்காரர்கள் இதை ஜனநாயகத்தின் முளை என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். முளைதான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டார் என்றால் யார்? நிலம் வைத்திருந்தவர். சேற்றில் நின்றவன் அந்தக் கூட்டத்தின் வாசலுக்குக்கூட வந்திருக்க முடியாது. ‘ஊர் கூடி முடிவு செய்தது’ என்ற வாக்கியத்தில் ஊரில் பாதி இல்லை. பெண்களைச் சேர்த்தால் பாதிக்கு மேல் இல்லை. இன்றும் ‘ஊர் என்ன சொல்லும்’ என்று நாம் பயப்படும்போது அந்த ஊர் நாலைந்து தெருத் திண்ணைகளைத் தாண்டுவதில்லை.

அந்த ஊர்தான் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்தபோது சீலையைப் பிடித்துக் கிழித்தது. ஊர் வழக்கம், எல்லோருக்கும் சம்மதமான ஆசாரம் என்பதுதான் அன்றைய வாதம். 1859-ல் அரசனின் பிரகடனம் வரும்வரை எத்தனை பத்தாண்டுக் கலகம்! மருமக்கள்வழியும் அப்படித்தான். எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை என்று காரணவன்மார் நம்பிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் பெண்டாட்டி பிள்ளைகள் வயிறெரிந்துகொண்டிருந்தார்கள். கவிமணி அந்த வயிற்றெரிச்சலை ஒரு பெண்ணின் வாயில் வைத்து ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று எழுதியபோது ஊரே சிரித்தது. நேற்றுவரை இதே ஊர் சம்மதித்திருந்ததாகத்தானே பேச்சு? 1926-ல் சட்டம் வந்து முறை மாறியபோது, சம்மதம் என்று நினைத்ததில் எவ்வளவு மௌனம், எவ்வளவு பயம், எவ்வளவு வேறு வழியின்மை என்று தெரிந்தது. மௌனத்தை ஆமோதிப்பாக மொழிபெயர்ப்பதில் காரணவனுக்கும் கட்சித் தலைவனுக்கும் வித்தியாசமில்லை.

இங்கே என் வாதத்துக்கே இடைஞ்சலான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூரில் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. ஓட்டெடுத்தல்ல, மகாராஜாவின் ஒரு பிரகடனத்தால். அதற்கு நாலு வருஷம் முன்பு நியமித்த விசாரணைக் குழு உடனே திறந்துவிடச் சொல்லவில்லை; சவர்ணர்களின் அபிப்ராயத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தது. சுசீந்திரத்தின் தெருக்களில் நடப்பதற்கே 1926-லும் 1930-லும் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. அன்று சுசீந்திரத்து ரதவீதியில் தலையெண்ணியிருந்தால் கதவு திறந்திருக்குமா? சந்தேகம்தான். ஆகவே பெரும்பான்மை சொல்வதே நியாயம் என்ற சூத்திரம் எனக்கு உதவாது. நியாயம் தனி, எண்ணிக்கை தனி. நியாயம் தன் பக்கம் இருப்பதாக நம்புகிறவன் அதை நியாயமாகவே வாதிடட்டும். வாதம் பலவீனமாக இருக்குமிடத்தில்தான் இரவல் கூட்டத்தைப் பின்னால் நிறுத்தவேண்டியிருக்கிறது. ஆளும் உரிமையோ வேறு விஷயம். அதற்கு எண்ணித்தான் ஆகவேண்டும்; எண்ணியதை ஒப்புக்கொண்டாக வேண்டும்; மறுபடியும் எண்ணுவதற்கு இடம்விட வேண்டும். அரசனுக்கு இந்த மூன்றும் கிடையாது. அதனால்தான் 1936-ல் கதவைத் திறந்த அதே ஆட்சியின் திவான் சி. பி. ராமசாமி ஐயர், 1947-ல் திருவிதாங்கூர் சுதந்திர நாடு என்று ஜனங்களின் பேரால் அறிவிக்க முடிந்தது. ஜூலை 25-ல் வெட்டுக்காயம் பட்ட பிறகே ஜனங்களில் ஒரு பகுதி என்ன நினைத்தது என்று தெரிந்தது. தெரிந்துகொள்ள எத்தனை கேவலமான வழி!

இனி நம்மைப் பற்றி. அதாவது இந்தமாதிரிப் பத்திரிகைகளை நடத்துகிற, படிக்கிற, தமக்குள் சண்டைபோட்டுப் பிரிந்து வேறொன்று தொடங்குகிற நம்மைப் பற்றி.

இடதுசாரி நண்பருக்கு மக்கள் என்பவர்கள் தம்முடைய சொந்த நலனை இன்னும் அறியாதவர்கள். அறிந்த கணத்தில் அவரோடு சேர்ந்துவிடுவார்கள். எனவே இன்றைய எண்ணிக்கை பொருட்டல்ல. ரஷ்யாவின் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழக் கால்வாசி ஓட்டு. 1918 ஜனவரியில் சபை ஒரு நாள் கூடியது. மறுநாள் கதவு பூட்டப்பட்டது. சரித்திரம் எங்களோடு இருக்கிறது என்று நம்புகிறவனுக்குச் சபை எதற்கு? நமது நவீனத்துவ நண்பர் இதைக் கேட்டுக் கைதட்டுவார். அவர் சிறுபான்மையாக இருப்பதையே கிரீடமாக அணிந்தவர். மக்களா, சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கிறார்களே அவர்களா என்பார். ஆனால் கொஞ்சம் பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். சினிமாவும் கட்சிகளும் வாரப் பத்திரிகைகளும் ஜனங்களின் ருசியைக் கெடுத்துவிட்டன என்பார். கெடுக்காமல் இருந்திருந்தால்? நம் ருசிதான் அவர்கள் ருசியாக இருந்திருக்கும்! ஆக இவரிடமும் ஒரு மறைமுகப் பெரும்பான்மை இருக்கிறது. அது வெளியே வரமுடியாமல் எங்கோ சிறைபட்டுக் கிடக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பேரும் கண்முன் நிற்கிற மனிதனைத் தள்ளிவிட்டு, அவனுக்குள் ஒளிந்திருக்கும் ‘உண்மையான’ மனிதனோடு ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள்.

நாங்கள் செய்ததையே சொல்கிறேன். 1977 தொடக்கத்தில், எமர்ஜென்ஸியின் பிடி தளர்ந்து தேர்தல் அறிவிக்கப்பட்ட நேரம். நாகர்கோவிலில் நாங்கள் ஏழு பேர். எல்லாம் வாத்தியார், குமாஸ்தா வகை. ஒரு அறிக்கை தயாரித்தோம். முதல் வரி இப்படி இருந்தது: தமிழ் மக்கள் இந்தச் சர்வாதிகாரத்தை ஒருபோதும் ஏற்கவில்லை. கோட்டாறில் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்தோம். கம்பாசிட்டர் நடுவயதுக்காரர், எழுத்துகளைத் தலைகீழாகவே படித்துப் பழகியவர். இரண்டு வரி கோத்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்:

“சாரே, தமிழ் மக்கள்னு போட்டிருக்கியளே, அதுல நானும் உண்டா?”

“பின்னே?”

“எங்கிட்ட எப்பம் கேட்டிய?”

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு இந்திரா காந்தி மேல் மரியாதை. எமர்ஜென்ஸியின் போதுதான் ஏழைகளின் கடனைத் தள்ளச் சொன்னார்கள். அடகுக்கடையில் கிடந்த தம் வீட்டுக் குத்துவிளக்கும் உருளியும் திரும்பி வந்தது அந்த வருஷம்தான் என்றார். பத்திரிகைத் தணிக்கை பற்றி நான் சொன்னேன். அச்சுக்கோக்கிறவரிடம் தணிக்கையைப் பற்றி ஒரு வாத்தியார் பாடம் நடத்தினால் எப்படியிருக்கும்? பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வேலையைத் தொடர்ந்தார். அறிக்கை ஒரு பிழைகூட இல்லாமல் அச்சாகி வந்தது.

மார்ச்சில் முடிவு வந்தது. வடக்கே இந்திரா வேரோடு சாய்ந்தார். தமிழ்நாட்டில் அவருடைய கூட்டணி ஏறத்தாழ எல்லாவற்றையும் அள்ளியது. நாகர்கோவிலிலோ ஸ்தாபன காங்கிரஸின் குமரி அனந்தன் ஜெயித்தார். நாங்கள் என்ன செய்தோம்? பார்த்தீர்களா நாஞ்சில் நாட்டு மக்களின் பிரக்ஞையை என்றோம்! தமிழ்நாட்டின் மற்ற ஜனங்களைப் பற்றிக் கேட்டால், சினிமா மயக்கம் என்றோம். ஓட்டு நம் பக்கம் விழுந்தால் மக்கள்; அந்தப் பக்கம் விழுந்தால் கும்பல். நாகர்கோவிலின் ஓட்டில் எமர்ஜென்ஸி எதிர்ப்பு எவ்வளவு, எட்டு வருஷம் முன்பு இங்கே நின்று ஜெயித்து, 1975-ல் இறந்துபோன காமராஜின் ஞாபகம் எவ்வளவு, ஜாதி எவ்வளவு, மாதாகோயில் எவ்வளவு என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அந்த வெற்றி எங்களுடையதாக இருந்திருக்காது.

1967-ஐயும் இப்படித்தான் புராணமாக்கி வைத்திருக்கிறோம். தமிழகமே திரண்டு காங்கிரஸைத் தூக்கியெறிந்தது என்பது கதை. 174 இடங்களில் நின்ற தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. ஓட்டு 40 சதவீதத்துக்குச் சற்று மேல். 232 இடங்களில் நின்ற காங்கிரஸுக்கு 41 சதவீதம், இடங்கள் 51. தோழமைக் கட்சிகளின் ஓட்டைக் கூட்டினால்தான் பாதியைத் தாண்டுகிறது. அந்தத் தோழமையிலோ ராஜாஜியும் மார்க்ஸிஸ்டுகளும் ஒரே பந்தியில். விருதுநகரில் காமராஜ் தோற்றது 1,285 ஓட்டில். தி.மு.க. ஆள உரிமையற்றது என்பதல்ல இதன் அர்த்தம். அந்த உரிமை விதிப்படி வந்தது, முழுமையானது. ஆனால் பத்தில் நாலு பேர் தந்ததைப் பத்துப் பேரும் தந்ததாக நினைத்துக்கொண்டு ஆள ஆரம்பிக்கும் இடத்தில்தான் எதிர்க்கிறவன் துரோகியாகிறான். எங்கள் தொகுதியில் 2014-ல் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தது 37 சதவீத ஓட்டுக்குச் சற்று அதிகத்தில். எதிரே ஓட்டு மூன்றாகச் சிதறிக் கிடந்தது. ‘குமரி மக்களின் தீர்ப்பு’ என்று போஸ்டர். 2019-ல் தீர்ப்பு தலைகீழானது. அப்போதும் அதே போஸ்டர், வேறு கலர்.

இந்த ஜில்லாவில் பெரும்பான்மை சமூகம் என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் பயமும் ஒருசேர வருகின்றன. 2011 கணக்கெடுப்பில் இங்கே இந்துக்கள் 48.6 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.8 சதவீதம். பாதியை யாரும் தாண்டவில்லை. எல்லோரும் சிறுபான்மை! ஆனால் 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கடற்கரை ரத்தமானபோது இரண்டு பக்கமும் பேசியது ‘மக்களின் கொந்தளிப்பு’ என்ற அதே எழுவாயில்தான். கல்லெறிந்தவன் எத்தனை பேர், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடுங்கியவர்கள் எத்தனை பேர்? நடுங்கியவர்களை யாரும் மக்கள் என்று எழுதவில்லை.

கடலுக்கு அந்தப்புறமும் இதுதான். 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை வைத்து 1977-ல் தமிழர் விடுதலைக் கூட்டணி ஓட்டுக் கேட்டது. வடக்கில் அமோகமாக வாங்கியது. கிழக்கில் அந்த அளவு இல்லை. அந்த வித்தியாசம் பேச்சில் மறைந்தது. தமிழ் மக்கள் ஆணை தந்துவிட்டார்கள் என்ற வாக்கியம் கைமாறிக் கைமாறி, ஆணை கேட்கத் தேவையில்லாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஏகப் பிரதிநிதிகள் என்றார்கள். ஆணையை வாங்கிய அமிர்தலிங்கத்தையே 1989 ஜூலையில் சுட்டார்கள். மக்களின் பேரால், மக்கள் ஓட்டுப்போட்ட மனிதனை. இங்கே நம்மில் பலர் அன்று அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஏனென்றால் ‘தமிழ் மக்கள்’ வருத்தப்படுவார்கள் என்று நாமே தீர்மானித்துக்கொண்டோம்.

கம்பாசிட்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அச்சகமும் இல்லை. 1977-க்குப் பிறகு இன்னொரு விஷயத்துக்காக மறுபடி அறிக்கை தயாரிக்க உட்கார்ந்தபோது, முதல் வரியில் ‘தமிழ் மக்கள்’ என்பதை அடித்துவிட்டுக் ‘கீழே கையெழுத்திட்டிருக்கும் ஏழு பேர்’ என்று எழுதினேன். ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. ஏழு பேர் சொன்னால் யார் கேட்பார்கள் என்றார் ஒருவர். இது என் அபிப்ராயம் என்று தனியாகப் போட்டுக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை என்றார் இன்னொருவர். அறிக்கை அச்சானபோது கையெழுத்து நாலுதான் இருந்தது. ‘ஏழு பேர்’ என்பதை ‘நாலு பேர்’ என்று திருத்திக் கொடுத்தேன்.